நம் வரிசையில் ஒரு பிள்ளை

என் மாமியார் நான்கு வயதில் கப்பலேறிப் பினாங்குக்கு வந்தவர். ஆண்டு 1952. நாகப்பட்டினத்தில் கரையிலிருந்து படகில் கொண்டுபோய் ரஜூலா கப்பலில் ஏற்றினார்கள். அந்தப் பயணத்தைப் பற்றி எத்தனை முறை கேட்டாலும் அவர் சொல்வதில் ஒரு விஷயம் மாறாது. கப்பலில் அம்மாவைப் பார்த்த நினைவே அவருக்கு இல்லை. அம்மா கூடத்தான் வந்தார். ஏறிய அன்றே தலைசுற்றலும் வாந்தியும் பிடித்துக்கொள்ள, தளத்தில் விரித்த பாயை விட்டு எழ முடியாமல் கிடந்தார். பிள்ளையைப் பார்த்துக்கொண்டவர்கள் பக்கத்துப் பாய்க்காரர்கள். தைப்பிங் பக்கம் தோட்டத்துக்குப் போய்க்கொண்டிருந்த ஒரு பெண் தினமும் தலை சீவிவிட்டார். ஒரு ராவுத்தர் தாத்தா தகரப்பெட்டியைத் திறந்து பொரிவிளங்காய் உருண்டை எடுத்துத் தருவார். யாரோ ஓர் அக்கா துணியில் அரிசியை முடிந்து ஐந்து சிறு மூட்டை செய்து, அஞ்சாங்கல் ஆடச் சொல்லிக்கொடுத்தாள். "கப்பல்ல நான் அழுததா ஞாபகமே இல்லம்மா" என்பார். அழுதிருப்பார். நான்கு வயதுப் பிள்ளை அத்தனை நாள் அழாமல் இருக்குமா? ஆனால் எழுபது ஆண்டு கடந்தும் மனத்தில் நிற்பவர்கள், பெயர்கூடத் தெரியாத அந்த மூன்று பேர்.

ரஜூலாவைப் பினாங்குத் தமிழர்களில் வயது முதிர்ந்தவர்கள் அறிவார்கள். 1926-ல் கிளாஸ்கோவில் கட்டப்பட்டு, பிரிட்டிஷ் இந்தியா நீராவிக் கப்பல் கம்பெனியின் கொடியோடு மதராஸ், நாகப்பட்டினம், பினாங்கு, போர்ட் சுவெட்டன்ஹாம், சிங்கப்பூர் என்று ஏறக்குறைய அரை நூற்றாண்டு போய்வந்த கப்பல் அது. எழுபதுகளில் அது ஓய்ந்தபின் எம்.வி. சிதம்பரம் ஓடியது. 1985 பிப்ரவரியில் வங்கக் கடலில் சிதம்பரம் தீப்பிடித்து உயிர்கள் போன பிறகு, அந்தக் கடல்வழி வழக்கமே முடிந்துபோனது. தளத்தில் வந்த பயணம் சுகமானது என்று நான் சொல்ல வரவில்லை. வெயிலும் நாற்றமும் நோயுமாக, ஏழைகள் வேறு வழியின்றி வந்த பயணம் அது. ஆனாலும் அந்தத் தளம் ஒரு விஷயத்தை யாரும் சொல்லாமலே ஏற்றுக்கொண்டிருந்தது. பாய் விரித்த இடத்தில் ஒரு பிள்ளை இருந்தால், சுற்றியுள்ள பத்துப் பாய்க்கும் அது பிள்ளை.

இதை இப்போது எழுதக் காரணம் இருக்கிறது. ஜார்ஜ்டவுனில் பல ஆண்டுகள் பாலர் பள்ளி ஆசிரியையாக இருந்தவள் நான். லெபோ பாசாரில், பழையவர்கள் வாயில் கடைத்தெருவில், பூ வாங்க நின்றால்கூட என்னிடம் படித்த பிள்ளைகள் இப்போது தாயாகித் தங்கள் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு வருகிறார்கள். "டீச்சர், பசியாறிட்டீங்களா?" என்பது முதல் கேள்வி. அடுத்தது அண்மைக் காலமாக ஒன்றேதான்: "மெட்ராஸ் போறோம் டீச்சர். ப்ளைட்ல இவன நாலு மணி நேரம் எப்படிச் சமாளிக்கிறது?" 2024 டிசம்பர் 21-ல் இண்டிகோ நிறுவனம் சென்னைக்கும் பினாங்குக்கும் இடையே நேரடிச் சேவையைத் தொடங்கியதிலிருந்து இந்தக் கேள்வி கூடிவிட்டது. கோலாலம்பூரிலோ சிங்கப்பூரிலோ இறங்கி மாறி, ஒரு முழுநாளைத் தின்ற பயணம் சுருங்கியதும், கைக்குழந்தையோடு போகத் தயங்கியவர்களும் டிக்கெட் எடுக்கிறார்கள். கோயிலுக்கு முடியிறக்க, காது குத்த, தாத்தா பாட்டியிடம் பேரனைக் காட்ட. இலண்டனுக்கும் மெல்பர்னுக்கும் பிள்ளையோடு பறப்பவர்களுக்கு நான்கு மணி நேரம் குறைவாகத் தெரியலாம். இரண்டு வயதுப் பிள்ளைக்கு நான்கு மணி நேரம் என்பது விழித்திருக்கும் நாளில் மூன்றில் ஒரு பங்கு.

இந்தப் பெண்கள் என்னிடம் எதிர்பார்ப்பது ஒரு பட்டியலை. என்ன பொம்மை, என்ன தின்பண்டம், எந்தப் படம். பட்டியல் தருவதில் எனக்குத் தடையில்லை. ஆனால் வகுப்பில் நான் கண்ட கணக்கு ஒன்று உண்டு. இரண்டு, இரண்டரை வயதில் ஒரு விளையாட்டு பத்து நிமிடம் தாங்கினால் பெரிது. நான்கு மணி நேரத்துக்கு இருபத்து நான்கு விளையாட்டு வேண்டும். பெல்ட் மாட்டிய நிலையில், முழங்காலுக்கு முன்னால் ஒரு சாண் இடத்தில், சத்தம் போடாமல், கீழே சிந்தாமல், ஒரே ஆள் இருபத்து நான்கு விளையாட்டு நடத்துவது ஆசிரியைகளாலேயே ஆகாத காரியம். பள்ளியில் எங்களுக்கு உதவியாளர் உண்டு, இடைவேளை உண்டு, பிள்ளை ஓட முற்றம் உண்டு. விமானத்தில் ஒரு தாயிடம் நாம் கேட்பது இவை எதுவும் இல்லாத வேலை.

போன விடுமுறையில் என் மகள், அவளுடைய இரண்டரை வயது மகன், நான், என் மாமியார் என்று நான்கு தலைமுறை பாயான் லெப்பாஸ் விமான நிலையத்திலிருந்து ஒன்றாகப் பறந்தோம். மகள் நன்றாகத் தயாராகியிருந்தாள். ஒட்டிக் கழற்றும் படங்கள், தண்ணீர் தொட்டால் நிறம் வரும் புத்தகம், சின்னச் சின்ன டப்பாக்களில் திராட்சையும் முறுக்கும். ஒவ்வொன்றையும் தனித்தனியே தாளில் சுற்றி வைத்திருந்தாள், பிரிப்பதில் நேரம் போகட்டும் என்று. நல்ல யோசனை அது; எல்லாத் தாய்மார்க்கும் சொல்லலாம். முதல் ஒன்றேகால் மணி நேரத்தில் அத்தனையும் தீர்ந்தது. பையன் இருக்கையில் ஏறி நின்றான். அப்போது என் மாமியார், "இங்க கொண்டா" என்று அவன் கையை வாங்கினார்.

அவர் செய்தது பருப்புக் கடைதல். தமிழ் வீட்டில் வளர்ந்த எல்லோருக்கும் தெரிந்ததுதான். பிள்ளையின் உள்ளங்கையை விரித்து, முழங்கையை மத்தாக வைத்துக் கடைந்து, ஒவ்வொரு விரலுக்கும் ஒரு பெயர் சொல்லிச் சோறு ஊட்டி, மிச்சத்தைக் கழுவி ஊற்றி, பிறகு இரண்டு விரல்கள் நண்டாகி மணிக்கட்டிலிருந்து மெதுவாக ஏறும். அந்த நண்டு அக்குளுக்கு வந்துசேரும் என்பது பிள்ளைக்குத் தெரியும். எப்போது வரும் என்பது தெரியாது. அந்தக் காத்திருப்பில்தான் அவன் மூச்சை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். சிரித்து முடித்ததும் மறு கையை நீட்டுகிறான். அதற்குப் பின் அவனே பாட்டியின் கையில் கடைகிறான். பத்து நிமிடக் கணக்கு இங்கே பொய்த்துப்போனது. அரை மணிக்கு மேல் ஓடியது.

பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தபோது ஒன்று புரிந்தது. நம் முன்னோர் பிள்ளைகளுக்கு உண்டாக்கிய விளையாட்டுகளில் பெரும்பகுதி மடியில் நடப்பவை. பிள்ளைத்தமிழ் என்று நாம் இலக்கிய வகுப்பில் படிப்பது, ஒரு வகையில், வளரும் பிள்ளையை மாதக் கணக்கில் கவனித்தவர்கள் தந்த குறிப்பு. ஐந்தாம் மாதத்தில் கையூன்றித் தலைதூக்கி ஆடும் செங்கீரை. ஒன்பதாம் மாதத்தில் உட்கார்ந்து கைதட்டும் சப்பாணி. பிறகு முத்தம். அதன்பின் நிலவைக் கைகாட்டி அழைக்கும் அம்புலி. இதில் எதற்கும் ஓடியாட இடம் வேண்டாம், பொருள் வேண்டாம். எதிரில் ஒரு முகம் மட்டும் வேண்டும். மாட்டு வண்டியில், திண்ணையில், வயல் வரப்பில், தோட்டத்து லயத்தின் வாசலில், கையில் காசில்லாதவர்கள் பிள்ளையை வைத்துக்கொள்ளக் கற்ற வித்தை இது. குறுகிய இருக்கைக்கென்றே செய்ததுபோல் இன்று பொருந்துகிறது.

சன்னல் ஓரம் கிடைத்தால் அம்புலிப் பருவத்தை வானத்திலேயே நடத்தலாம். இறக்கைமேல் வெளிச்சம் எப்படி மாறுகிறது, மேகம் எந்த மிருகம், கீழே தெரிவது கடலா வானமா. சாய்ந்தாடல், கண்ணாமூச்சி (ஒரு துண்டுத் துணி போதும்), விடுகதை, நூலைக் கைவிரலில் மாட்டிக் கட்டிலும் மீனும் செய்வது. துணியில் அரிசி போட்டுத் தைத்த அஞ்சாங்கல்லைத்தான் மலாய்ப் பிள்ளைகள் பத்து செரெம்பான் என்கிறார்கள். நம் பள்ளிகளில் மூன்று இனப் பிள்ளைகளும் ஆடினார்கள். உருளாது, சத்தம் போடாது, கீழே விழுந்தால் விழுந்த இடத்திலேயே கிடக்கும். மூன்று வயதுக்குக் கீழே என்றால் பிரியாதபடி இரட்டைத் தையல் போட வேண்டும், கண் எடுக்காமல் இருக்க வேண்டும்.

டேப்லெட்டைப் பற்றி என்னிடம் கேட்பவர்கள் குற்றவுணர்வோடுதான் கேட்கிறார்கள். குறைந்த கட்டண விமானங்களில் முன்னிருக்கையில் திரை கிடையாது. ஆகவே வீட்டிலிருந்து கொண்டு போவதா வேண்டாமா என்பது உண்மையான கேள்வி. உலகச் சுகாதார நிறுவனம் 2019-ல் வெளியிட்ட வழிகாட்டலில் இரண்டு வயதுக்குள் திரை வேண்டாம் என்றும், இரண்டு முதல் நான்கு வயதுவரை ஒரு நாளில் ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம் என்றும் சொல்கிறது. அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம் 2016-ல் வெளியிட்ட கொள்கையறிக்கை, பிள்ளையை அமைதிப்படுத்தத் திரையை ஒரே வழியாக்காதீர்கள் என்று எச்சரித்துவிட்டு, மருத்துவச் சிகிச்சை, விமானப் பயணம் போன்ற அபூர்வ நேரங்களில் அது உதவும் என்று ஒப்புக்கொள்கிறது. இது நியாயமான பேச்சு. பயணத்தில் காட்டிய ஒரு படத்தால் எந்தப் பிள்ளையும் கெட்டுப்போகாது. என் கவலை வேறு. திரையை முதலிலேயே கொடுத்துவிட்டால், பேட்டரி தீர்ந்தபின் தாயின் கையில் ஒன்றும் மிஞ்சாது. கடைசி ஒரு மணி நேரத்துக்கு அதை ஒளித்துவைக்கச் சொல்கிறேன். விமானத்தின் இரைச்சலை மீறிக் கேட்க வேண்டும் என்று ஒலியைக் கூட்டிக் காதில் மாட்டுவதும் வேண்டாம். படம் பார்க்கட்டும், கதையை நீங்கள் சொல்லுங்கள்.

ஒரு வழக்கத்தைக் கண்டிப்போடு சொல்ல வேண்டியிருக்கிறது. பிள்ளை தூங்கிவிடும் என்று சளி மருந்தையோ ஒவ்வாமை மருந்தையோ கொடுத்து ஏற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். அவை அதற்கான மருந்துகள் அல்ல. அளவு தவறினால் ஆபத்து. சில பிள்ளைகளுக்கு நேர்மாறாக வேலை செய்து தூக்கத்தையே கெடுத்துவிடும். இந்த யோசனையைச் சொல்பவர் எவ்வளவு வேண்டியவரானாலும் கேட்காதீர்கள்.

அழுகையில் ஒரு பகுதிக்குக் காரணம் சலிப்பே இல்லை, காது. விமானத்துக்குள் இருக்கும் காற்றழுத்தம், கடல்மட்டத்திலிருந்து 6,000 முதல் 8,000 அடி உயரத்தில் ஒரு மலைமேல் இருப்பதற்குச் சமம். இறங்கும்போது அழுத்தம் கூடுகிறது. காதின் நடுப்பகுதியைத் தொண்டையோடு இணைக்கும் குழாய் திறந்து வழிவிட்டால்தான் செவிப்பறையின் இருபுறமும் சமமாகும். பெரியவர்கள் கொட்டாவி விட்டோ எச்சில் விழுங்கியோ சரிசெய்துகொள்கிறோம். குழந்தைக்கு அந்தக் குழாய் குறுகலானது, படுத்த வாக்கில் இருப்பது, எளிதில் திறக்காது. காதுக்குள் குத்துகிற வலி எங்கிருந்து வருகிறதென்று சொல்லத் தெரியாத பிள்ளை அழுகிறது. அழும்போது குழாய் திறக்கிறது என்பதும் உண்மை. அந்த அழுகை தனக்குத் தானே செய்துகொள்ளும் வைத்தியம். ஆகவே தாய்ப்பாலோ பாட்டிலோ தண்ணீரோ எதுவானாலும் தரையைத் தொடும் நேரத்துக்கென்று வைத்துக்கொள்ளாமல், விமானம் இறங்கத் தொடங்கும்போதே கொடுக்க ஆரம்பிக்க வேண்டும். அது தரைதொட ஏறத்தாழ அரை மணி நேரத்துக்கு முன்பே தொடங்கிவிடும். தூங்குகிற பிள்ளையை எழுப்ப மனம் வராது. எழுப்பத்தான் வேண்டும், தூக்கத்தில் விழுங்குவது குறைவு. கடும் சளியோ காதுவலியோ இருந்தால் பயணத்துக்கு முன்னால் மருத்துவரைப் பார்த்துவிடுங்கள்.

இதெல்லாம் பெற்றோர் செய்ய வேண்டியவை. பெற்றோரைப் பற்றி எழுதுவது எளிது. எல்லோரும் அவர்களுக்குத்தான் அறிவுரை சொல்கிறார்கள். எனக்குச் சொல்ல இருப்பது மற்ற இருக்கைக்காரர்களிடம்.

கடந்த பத்துப் பதினைந்து ஆண்டுகளாக விமான நிறுவனங்கள் பிள்ளையின் அழுகையை ஒரு சரக்காக்கிவிட்டன. அது கேட்காத இடத்தை விற்கிறார்கள். நம் மலேசியா இதில் முன்வரிசையில் நின்றது. 2012-ல் மலேசியா ஏர்லைன்ஸ் தன் ஏ380 விமானத்தின் மேல்தளச் சாதாரண வகுப்பில் பன்னிரண்டு வயதுக்குட்பட்டவர்களை உட்கார வைப்பதில்லை என்று அறிவித்தது. அதற்கு முன்பே அதன் முதல் வகுப்பில் கைக்குழந்தைகளுக்கு இடமில்லை. 2013-ல் ஏர்ஏசியா எக்ஸ், சிறுபிள்ளைகள் அனுமதியில்லாத அமைதிப் பகுதி என்று சில வரிசைகளைப் பிரித்தது. அதே ஆண்டில் சிங்கப்பூரின் ஸ்கூட்டும் செய்தது. 2016-ல் இண்டிகோவும் சில வரிசைகளில் பன்னிரண்டு வயதுக்குட்பட்டோர் வேண்டாம் என்றது. வேலைக்களைப்போடு வரும் ஒருவர் தூங்க விரும்புவதை நான் தவறென்று சொல்ல மாட்டேன். இரவு முழுக்க மருத்துவமனையில் நின்ற தாதியும் அந்த விமானத்தில் இருப்பார். ஆனால் இந்த ஏற்பாடு மற்ற எல்லோருக்கும் ஒரு சேதியை மெல்லச் சொல்லிவிடுகிறது. பிள்ளையின் சத்தம் என்பது, காசு கொடுத்தால் தவிர்க்கக்கூடிய ஒரு குறை என்று. அப்படிப் பழகியவர், காசு கொடுக்காமல் பிள்ளைக்குப் பக்கத்தில் உட்கார நேர்ந்தால் தான் ஏமாந்ததாக நினைக்கிறார். அந்த எண்ணம் கண்ணில் தெரியும். முன்வரிசைத் தலை திரும்பும் வேகத்தில் தெரியும். தாய்க்கு அது போதும். கை நடுங்கும், குரல் மாறும், பிள்ளைக்கு உடனே தெரிந்துவிடும், அழுகை கூடும்.

2019-ல் சியோலிலிருந்து சான்பிரான்சிஸ்கோ போன ஒரு விமானத்தில், நான்கு மாதக் குழந்தையின் தாய் ஏறக்குறைய இருநூறு பைகளைச் சக பயணிகளுக்குக் கொடுத்தார். உள்ளே மிட்டாய், காது அடைப்பான், குழந்தை எழுதியதுபோல் ஒரு மன்னிப்புக் கடிதம். உலகமே மெச்சியது. எனக்கு அதைப் படித்தபோது மனம் கசந்தது. இன்னும் அழவே தொடங்காத பிள்ளைக்காக ஒரு தாய் இருநூறு பேரிடம் முன்கூட்டி மன்னிப்புக் கேட்க வேண்டுமா? மாறாக, 2016-ல் அன்னையர் தினத்தை ஒட்டி அமெரிக்காவின் ஜெட்புளூ நிறுவனம் நியூயார்க்கிலிருந்து லாங்பீச் போன ஒரு விமானத்தில் வேறொன்று செய்து பார்த்தது. குழந்தை ஒவ்வொரு முறை அழும்போதும் பயணிகள் எல்லோருக்கும் அடுத்த டிக்கெட்டில் 25 விழுக்காடு கழிவு. நான்கு முறை அழுதால் முழு டிக்கெட்டும் இலவசம். விளம்பரத்துக்காகச் செய்ததுதான். இருந்தாலும் அழுகை கேட்டதும் அந்த விமானமே கைதட்டிச் சிரித்தது. மனிதர்கள் அதே மனிதர்கள், அழுகையும் அதே அழுகை. கேட்பவர் அதை என்னவாக எடுத்துக்கொள்கிறார் என்பதில்தான் எல்லாம் மாறுகிறது. நம் கப்பல் தளத்துக்கு அந்தப் பாடத்தைச் சொல்லக் கழிவு எதுவும் தேவைப்படவில்லை.

என் வாழ்க்கையில் நடந்த ஒன்று. மகளுக்கு அப்போது ஆறு வயது. மாறிப் போகும் பயணம் ஒன்றில், ஒன்றாக எடுத்த டிக்கெட்டில் எங்கள் இருக்கைகளைப் பிரித்துப் போட்டிருந்தார்கள். அவள் எனக்கு எட்டு வரிசை பின்னால். சேர்த்து வேண்டுமென்றால் முன்பே பணம் கட்டியிருக்க வேண்டும் என்று பதில் வந்தது. தெரியாத இருவருக்கு நடுவில் உட்கார்ந்த என் பிள்ளை அழக்கூட இல்லை, கல்லாகிவிட்டாள். அவளுக்குப் பக்கத்தில் இருந்த ஹொக்கியன் பேசும் ஓர் ஆன்ட்டி எழுந்து என்னிடம் வந்து, மலாயில், "நீ அங்கே போ, நான் இங்கே உட்காருகிறேன்" என்றார். நான் நன்றி சொல்லி முடிப்பதற்குள் என் இருக்கையில் உட்கார்ந்துவிட்டார். பிறகு ஓர் ஆரஞ்சை உரித்து, பின்னால் அனுப்பிவைத்தார். விதிமுறை தர மறுத்ததை ஒரு கிழவி தந்தார். ஆனால் எல்லா விமானத்திலும் அந்த ஆன்ட்டி இருக்க மாட்டார். ஆகவே விதி வேண்டும். இந்தியாவின் சிவில் விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகம் 2024 ஏப்ரலில், பன்னிரண்டு வயது வரையுள்ள பிள்ளைகளுக்கு, ஒரே முன்பதிவில் வரும் பெற்றோர் அல்லது பாதுகாவலர் ஒருவருக்காவது பக்கத்தில் இடம் தர வேண்டும் என்று நிறுவனங்களுக்கு உத்தரவிட்டது. வங்கக் கடலின் இருகரையிலும், எந்த நாட்டு விமானமானாலும், கூடுதல் கட்டணம் இல்லாமல் இது நடக்க வேண்டும். பிள்ளையைத் தாயிடமிருந்து பிரித்து வைத்து, சேர்த்து வைக்க விலை சொல்வதை வியாபாரம் என்று என்னால் ஏற்க முடியவில்லை.

அடுத்து விமான நிலையம். பாயான் லெப்பாஸ் முனையம் ஆண்டுக்கு 65 லட்சம் பயணிகளுக்காக அமைந்தது, அதை 1.2 கோடிப் பயணிகளுக்கு விரிவாக்கும் திட்டம் கையில் இருக்கிறது. கடைகள் எத்தனை வரும் என்பதை யாராவது நிச்சயம் கணக்குப் போட்டிருப்பார்கள். பிள்ளைகள் ஓடித் தீர்க்க இடம் எவ்வளவு என்பதையும் அதே காகிதத்தில் எழுத வேண்டும் என்பது என் வேண்டுகோள். பறப்பதற்கு முன்னால் முக்கால் மணி நேரம் ஏறிக் குதித்த பிள்ளை, உள்ளே வந்து தூங்கும். சிங்கப்பூர் சாங்கி இதைப் புரிந்துகொண்டு முனையங்களுக்குள் விளையாட்டு இடங்கள் வைத்திருக்கிறது. சுவிட்சர்லாந்தில் ஓடும் இரண்டடுக்கு ரயில்கள் சிலவற்றில் குடும்பப் பெட்டியின் மேல்தளத்திலேயே சறுக்குமரம் இருக்கிறது. விலை உயர்ந்த எந்திரங்களை நான் கேட்கவில்லை. தரையில் பெரிதாய்ப் பதித்த பாண்டிக் கட்டம், உட்கார்ந்து ஆட ஒரு பல்லாங்குழி மேசை. நாம் பல்லாங்குழி என்பதை மலாய்க்காரர்கள் சொங்காக் என்கிறார்கள். பினாங்குக்கு வந்து இறங்கும் பிள்ளைக்கு இந்த ஊர் எப்படிப்பட்டது என்று அதைவிட நன்றாக எது சொல்லிவிடும்?

பக்கத்து இருக்கைக்காரர்களுக்கு வருகிறேன். பெரிதாக எதுவும் செய்ய வேண்டாம். பிள்ளை திரும்பிப் பார்த்தால் கண்ணை எடுக்காதீர்கள். இருக்கை இடுக்கில் ஒரு விரலை ஆட்டுங்கள். தாய் கழிவறைக்குப் போக வேண்டும் என்றால், "நான் பாத்துக்கறேன், போய்ட்டு வாம்மா" என்று சொல்லுங்கள். அந்த ஒரு வாக்கியம் வராது என்றே பல தாய்மார் நான்கு மணி நேரம் தண்ணீர் குடிக்காமல் வருகிறார்கள். முன்பின் தெரியாதவர் பிள்ளையைத் தொடலாமா, மிட்டாய் கொடுக்கலாமா என்பதில் இன்று எச்சரிக்கை வேண்டும்தான். தாயின் முகத்தைப் பார்த்துக் கேட்டுவிட்டுச் செய்யலாம். கேட்பதால் குறைந்துபோவது எதுவும் இல்லை. தாய்மாரும் உதவி கேட்கக் கூச வேண்டாம். என் அனுபவத்தில், கேட்டால் மறுத்தவர்கள் மிகக் குறைவு. அழைப்பு வராததால்தான் பலர் காதில் மாட்டியதைக் கழற்றாமல் இருக்கிறார்கள்.

எங்கள் பயணத்தில் நடையின் மறுபுறம், கைக்குழந்தையை மடியில் வைத்த ஓர் இளம்பெண், பக்கத்தில் நான்கு வயது மதிக்கத்தக்க அவளுடைய மகள். கைக்குழந்தை அழ, அழ, பெரியவள் தாயின் முழங்கையைப் பிடித்து இழுத்துக்கொண்டே இருந்தாள். என் பேரன் கடைந்து களைத்துத் தூங்கிவிட்டிருந்தான். மாமியார் கைப்பையைத் திறந்து, வீட்டில் பழைய சுங்குடித் துணியில் தைத்த ஐந்து அரிசி மூட்டைகளை எடுத்து, அந்தத் தாயிடம் கண்ணால் கேட்டார். அவள் தலையசைத்தாள். பிறகு என்னை எழுப்பி அனுப்பிவிட்டு, என் இடத்தில் அந்தச் சிறுமியை உட்கார வைத்து, தட்டுப் பலகையை இறக்கி, ஒன்றை மேலே போட்டு மற்றொன்றை எடுக்கக் கற்றுக்கொடுத்தார். நான் போய் அந்தத் தாயின் பக்கத்தில் உட்கார்ந்து கைக்குழந்தையை வாங்கிக்கொண்டேன். அவள் இரண்டு கையையும் மடியில் வைத்து, ஒன்றும் செய்யாமல், கொஞ்ச நேரம் சும்மா இருந்தாள்.

சென்னையில் இறங்கும்போது அந்தச் சிறுமி ஒரு மூட்டையைக் கைக்குள் மூடிக்கொண்டு தர மறுத்துவிட்டாள். அவள் தாய் பதறி விரல்களைப் பிரிக்கப் பார்த்தாள். "இருக்கட்டும்மா, விடு" என்றார் மாமியார். மறுநாள் காலை திருவாரூர் வீட்டில் பசியாறியதும் முதல் வேலையாக என்னிடம், "நாலு கல்ல வெச்சுக்கிட்டு என்ன பண்றது? போற ப்ளைட்டுக்கு வேணும். ஒரு துண்டுத் துணி இருந்தா குடு" என்றார்.